கேட்காத பாடத்துக்கு ஒரு தேர்வு

பல்கலைக்கழகம் தாக்கல் செய்த பதிலுரையின் முழு பலமும் நான்காவது பத்தியில் இருந்தது. எங்கள் இணையவழிப் பாடக் காணொளிகள் எல்லாவற்றிலும் சப்டைட்டில் வசதி இருக்கிறது. திரையின் கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் எழுத்து வரும். ஆகவே மனுதாரருக்கு மனக்குறை ஏதும் இருக்க முடியாது. மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பொத்தான் இருந்தது உண்மை. அழுத்தினால் எழுத்து வந்ததும் உண்மை. வந்த எழுத்து என்ன என்பதைத்தான் நாங்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது.

நான் திருத்தணியில் வக்கீலாக இருக்கிறேன். இங்கே வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, திருப்பதி சாலை விபத்துகளுக்கான இழப்பீடு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய பத்திரங்கள் சில தெலுங்கில் இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். இப்படிப்பட்ட மேசைக்குத்தான் 2023-ல் அந்த அம்மா தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிருக்கிறது. இரண்டு காதிலும் 70 டெசிபலுக்கு மேல் இழப்பு. சட்டத்தின் அட்டவணைப்படி முழுச் செவித்திறன் இழப்பு. காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கி, பிளஸ் டூ வரை படித்துத் தேறியிருந்தாள். அடுத்து பி.காம். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம். வகுப்பு இருக்கிறது. ஆனால் தறியில் அம்மாவுக்குத் துணைக்கு வேறு ஆள் இல்லை. அதனால் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று தொலைநிலைக் கல்வியில் சேர்த்திருக்கிறார்கள். நேரடி வகுப்புகளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் காணொளியாக மாற்றியிருந்த பல்கலைக்கழகம் அது. பெயர் இங்கே வேண்டாம்.

“எங்க புள்ளைக்குப் படிப்பு வராம இல்லீங்க வக்கீலம்மா. பாடந்தான் வந்து சேர மாட்டேங்குது” என்றார் அந்த அம்மா. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு நோட்டைத் தள்ளினேன். அவள் எழுதினாள்: “டீச்சர் வாய் தெரியல. முகம் சின்னது. கீழ எழுத்து தப்பு. தப்பு எதுன்னு தெரியல.”

இந்த நாலு வாக்கியத்துக்குள் வழக்கு முழுவதும் இருந்தது. அன்றைக்கு அதில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது.

முதலில் அந்தக் காணொளிகளை உட்கார்ந்து பார்த்தேன். திரை முழுக்க ஸ்லைடு. வலது கீழ் மூலையில் கட்டைவிரல் நகமளவுக்கு ஆசிரியரின் முகம். அவர் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். உதட்டசைவைப் படிக்கப் பழகிய பெண்ணுக்கு அங்கே படிக்க உதடே இல்லை. ஸ்லைடில் தலைப்பும் இரண்டு வரிச் சூத்திரமும் மட்டும். கணக்கைப் போட்டு விளக்குவது முழுக்க வாய்மொழி: “இந்தத் தொகையை இங்கேருந்து எடுத்து அந்தப் பக்கம் போடணும், ஏன்னா…” அந்த ‘ஏன்னா’வுக்குப் பிறகு வருவதுதான் பாடம். அது காதுக்கு மட்டும்.

பல்கலைக்கழகத்துக்கு அவள் ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அச்சிட்ட பாடநூல் தரப்படுகிறது, அதைப் படித்துக்கொள்ளவும் என்று ஒற்றை வரியில் பதில். பாடநூல் இருந்தது. ஆனால் அகமதிப்பீட்டுக் கேள்விகள் காணொளியிலிருந்து வந்தன. பாடத்தைக் காட்டாமல் அந்தப் பாடத்தில் தேர்வு வைத்தால் அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது: பாகுபாடு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தோடு ஒப்பிட்டால் இதில் உள்ள பெரிய மாற்றம் ஒன்று: ஒருவருடைய தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று இரண்டாவது பிரிவு வரையறுக்கிறது. கெட்ட எண்ணத்தோடு மறுத்தார்கள் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பிரிவு 16 கல்வி நிறுவனங்களுக்கானது. காது கேளாதவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பிரிவு 42 இன்னும் நேரடியானது: ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் எல்லாம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும், மின்னணு ஊடகத்தில் ஒலி விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு, க்ளோஸ்டு கேப்ஷன் ஆகியவை மூலம் அணுகல் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். பிரிவு 46 கெடு வைக்கிறது: விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டு. விதிகள் வந்தது 2017 ஜூன் 15. கெடு முடிந்து நாலு வருஷம் கழித்து நாங்கள் மனுப் போடுகிறோம்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா, மாநில ஆணையரிடம் போகலாமா என்று யோசித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் பிறப்பிப்பது பெயருக்குப் பரிந்துரைதான். ஆனால் சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தைப் பிரிவு 82 அவருக்குத் தருகிறது. பரிந்துரை போன மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது பிரிவு 81. செலவு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பெண்ணே நேரில் வந்து தன் கதையைச் சொல்ல அங்கே இடம் இருந்தது. உயர் நீதிமன்றத்தில் அவளுடைய பிரமாணப் பத்திரம்தான் பேசும். இங்கே அவள் பேசலாம். ஆணையரிடமே போனோம்.

பதிலுரையின் நான்காவது பத்திக்குப் பதில் தயாரிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. தேய்மானம் பற்றிய பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர் இங்கே பழைய சென்னை சாலைப் பக்கம் இருக்கிறார். அவரும் என் ஜூனியரும் உட்கார்ந்து காணொளியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஆசிரியர் சொன்னதை அப்படியே இடப் பக்கம் எழுதினார்கள். வலப் பக்கத்தில் அதே விநாடியில் திரையில் வந்த எழுத்து. ‘தேய்மானம்’ என்று ஆசிரியர் சொன்ன இடங்களில் திரையில் ‘தீர்மானம்’. ‘பற்று’ என்பது ‘பத்து’ ஆகியிருந்தது. ‘வரவு’ சில இடங்களில் ‘உறவு’. நம் ஆசிரியர்கள் யாரும் சுத்தத் தமிழிலும் பேசுவதில்லை, சுத்த ஆங்கிலத்திலும் பேசுவதில்லை. பாதி வாக்கியத்தில் ஆங்கிலச் சொல் நுழைந்ததும் மென்பொருள் தடுமாறி, பக்கத்தில் கிடைத்த ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டுப் போனது. வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி கிடையாது. ஆசிரியர் கேள்வி கேட்டு அவரே பதில் சொல்லும் இடத்தில் எது கேள்வி, எது பதில் என்று தெரியாது.

இவ்வளவும் இருந்தாலும், அங்கங்கே எழுத்துப் பிழை இருக்கிறது, பொருள் புரியும் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடலாம். அதற்கு இடம் வைக்காமல் செய்தது அவளுடைய ஒப்படைவு.

வீட்டில் இருந்த ஒப்படைவுத் தாள்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு கணக்குக்கு மதிப்பெண் பூஜ்யம். கேள்வி இதுதான்: ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய இயந்திரத்துக்கு, பாடத்தில் தந்த விகிதத்தில், குறைந்து செல் மதிப்பு முறையில் இரண்டு ஆண்டுக்குத் தேய்மானம் கணக்கிடுக. ஆசிரியர் காணொளியில் “ஃபிஃப்டீன் பெர்சென்ட்” என்கிறார். பதினைந்து சதவீதம் என்றால் முதல் ஆண்டு 15,000, மீதி 85,000. இரண்டாம் ஆண்டு 12,750, மீதி 72,250. திரையில் வந்த எழுத்து ‘50 சதவீதம்’. அவள் முதல் ஆண்டுக்கு 50,000 கழித்து, மீதி 50,000-க்கு இரண்டாம் ஆண்டு 25,000 கழித்து, மீதி 25,000 என்று அடிக்கோடிட்டு முடித்திருந்தாள். முறை சரி. கூட்டல் கழித்தல் சரி. பத்தி பிரித்து, கோடு போட்டு எழுதியிருந்த விதத்தைப் பார்த்து அந்த வணிகவியல் ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இந்தப் பொண்ணு என் கிளாஸ்ல இருந்திருந்தா முழு மார்க் போட்டிருப்பேன்” என்றார் பிறகு. அந்தத் தாளையும், காணொளியின் அந்த விநாடியின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒன்றாக இணைத்துச் சான்றாவணமாகக் கொடுத்தோம்.

எதிர்த்தரப்பின் அடுத்த வாதம் செலவு. பல துறைகளில் ஏராளமான மணி நேரக் காணொளிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆள் வைத்து எழுதுவது நிறுவனத்தின் தலையில் அளவுக்கு மீறிய சுமை. நியாயமான வசதி என்ற வரையறையே அளவுக்கு மீறிய சுமை கூடாது என்றுதானே சொல்கிறது என்றார் அவர்களுடைய வக்கீல். இது தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. சட்டத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. கேட்டு எழுதி, நேரம் பொருத்தி, சரிபார்க்க ஒரு மணி நேரக் காணொளிக்குப் பல மணி நேர உழைப்பு தேவை என்பதும் உண்மை. எங்கள் ஜூனியர் அந்த ஒரே பாடத்தை எழுதிப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் சுமை என்று சொல்பவர் முதலில் கணக்குக் காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, மொத்த வரவில் அது எவ்வளவு என்று எதுவும் பதிலுரையில் இல்லை. 2021 பிப்ரவரி 11-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியாயமான வசதி என்பது சமத்துவ உரிமையின் ஒரு பகுதி என்று விரிவாகச் சொல்லியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒரு தேர்வருக்காக எழுந்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பை வைத்தோம். அதற்கு முன்பே, 2017 டிசம்பர் 15-ல், டிஸேபிள்டு ரைட்ஸ் குரூப் வழக்கில் உயர்கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்ய வேண்டியவை பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதையும் வைத்தோம்.

நாங்கள் மனுப் போட்ட ஆண்டின் தொடக்கத்தில்தான் டெல்லி உயர் நீதிமன்றம் ‘பதான்’ இந்திப் படத்துக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தது. சட்ட மாணவர் அக்ஷத் பால்ட்வா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் நீதிபதி பிரதிபா எம். சிங், ஓ.டி.டி.யில் வெளியாகும்போது அந்தப் படத்துக்கு சப்டைட்டிலும் க்ளோஸ்டு கேப்ஷனும் பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்பும் செய்து தர வேண்டும் என்றார். ஒரு திரைப்படத்துக்கு உள்ள கடமை பட்டப்படிப்புக்கு இல்லாமல் போகுமா என்று கேட்டேன். ஆணையர் குறித்துக்கொண்டார்.

இந்த வாதமெல்லாம் உலகத்தில் நாம்தான் முதலில் நடத்துகிறோம் என்று இல்லை. அமெரிக்காவில் காது கேளாதோர் தேசியச் சங்கம் 2015 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மீதும் எம்.ஐ.டி. மீதும் வழக்குத் தொடுத்தது. இலவசமாக உலகுக்கே பாடம் சொல்கிறோம் என்று வெளியிட்ட காணொளிகள் பலவற்றில் சப்டைட்டில் இல்லை, இருந்தவற்றிலும் பிழை மலிந்திருக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. இலவசமாகத் தருவதற்கு நிபந்தனையா என்ற மாதிரியான எதிர்ப்பு அங்கும் வந்தது. நாலரை ஆண்டுக்கு மேல் இழுத்து, 2019 நவம்பரில் ஹார்வர்டும் 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி.யும் சமரசத்துக்கு வந்து, சப்டைட்டில் போட ஒப்புக்கொண்டன.

பெர்க்லியில் நடந்தது வேறு மாதிரி. கலிஃபோர்னியாவின் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்க நீதித்துறை 2016-ல் கடிதம் எழுதியது. சப்டைட்டில் போடுவதற்குப் பதிலாக, 2017 மார்ச்சில் 20,000-க்கும் மேற்பட்ட விரிவுரைகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒருவருக்குக் கிடைக்காதது யாருக்கும் வேண்டாம் என்றாகிவிட்டது. 2022 நவம்பரில்தான் முறையான உடன்பாடு வந்து, காணொளிகளை அணுகத்தக்கதாக்க ஒப்புக்கொண்டார்கள்.

நான் பெர்க்லியை இவ்வளவு சொல்லக் காரணம், எங்கள் வழக்கிலும் அந்தப் பேச்சு வந்தது. வேண்டுமானால் காணொளிகளை நீக்கிவிடுகிறோம், பாடநூலை மட்டும் வைத்துத் தேர்வு நடத்துகிறோம், மனுதாரருக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இருக்காது என்றார்கள். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. அப்படி நடந்தால் அந்தப் பெண்ணோடு படிக்கும் மற்றவர்கள் எல்லாம் யார் முகத்தைப் பார்த்துக் கோபப்படுவார்கள்? உரிமை கேட்டவளை ஊராருக்கு எதிரியாக்கிவிடும் யோசனை அது. இந்த யோசனையைப் பதிவு செய்யக்கூட வேண்டாம் என்று வாதாடினேன்.

அடுத்து, ஒரே ஒரு மாணவிக்காக இத்தனையா என்ற கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் கேட்டல் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று எண்ணைச் சொல்லலாம். ஆனால் எண்ணைவிட வலுவான பதில் அந்த அம்மாவின் தறிக்கூடத்திலேயே இருந்தது.

விவரம் கேட்பதற்காக ஒரு நாள் அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். விசைத்தறி ஓடும் வீட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருமே கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்கிறார்கள். இழை அறுந்தால் ஒரு சைகை, தார் தீர்ந்தால் ஒரு சைகை, சாப்பிட வா என்பதற்கு ஒரு சைகை. காது கேளாத இந்தப் பெண் அந்தக் கூடத்தில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. சொல்லப்போனால் மற்றவர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறாள். பக்கத்துத் தறியில் இன்னொரு பெண். காது நன்றாகக் கேட்கும். அவளும் அதே பல்கலைக்கழகத்தில் அதே பி.காம். தறிக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துப் பாடம் பார்க்கிறாள். சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எழுத்து சரியாக வந்தால் தமிழ்க் கலைச்சொல் மனதில் நிற்கும், எழுத்தே தப்பாக வந்தால் இரவு தறி நின்ற பிறகு மறுபடி போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது என்றாள்.

“இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியாம்மா?” என்று கேட்டேன். தந்தாள். காது கேட்கிற மாணவி ஒருத்தி, எனக்கும் சப்டைட்டில் வேண்டும் என்று தந்த அந்தப் பிரமாணப் பத்திரம்தான் ஒரே ஒருவருக்காகவா என்ற கேள்வியை முடித்து வைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் படித்துவிட்டு அதன்மேல் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

இன்னோர் ஆவணமும் கையில் இருந்தது. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் 2017 ஜூலை 9-ல் தொடங்கப்பட்டது. அதில் வரும் பாடங்களுக்கு நான்கு பகுதி இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி: காணொளிப் பாடம், வாசிப்புப் பாடம், கலந்துரையாடல், சுயமதிப்பீடு. முதல் பகுதியைப் பற்றிச் சொல்லும்போதே, காணொளியோடு அதில் பேசப்படுவதன் எழுத்து வடிவமும் இருக்க வேண்டும் என்று அந்த நெறி சொல்கிறது. எதிர்மனுதாரர் பல்கலைக்கழகத்தின் மாணவர் கையேட்டில், எங்கள் இணையவழிப் பாடங்கள் நான்கு பகுதி முறையில் அமைந்தவை என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். தாங்களே ஏற்றுக்கொண்ட முறையில் இருக்க வேண்டியதைத்தான் கேட்கிறோம், புதிதாக ஒரு சுமையையும் ஏற்றவில்லை என்று வாதாடினோம். எனக்கு இந்த வாதத்தின்மேல் ரொம்ப நம்பிக்கை இருந்தது. கடைசியில் உத்தரவிலும் இது இடம்பெற்றது.

விசாரணை சென்னையில், காமராஜர் சாலையில் உள்ள ஆணையர் அலுவலகத்தில் நடந்தது. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மனுதாரருக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பேசுவது, எதிர்த்தரப்பு பேசுவது, ஆணையர் கேட்பது எல்லாம் அவர் கை வழியே அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்று விநாடிக்கு விநாடி தெரிந்த ஒரு காது கேளாத கட்சிக்காரரை அன்றுதான் நான் பார்த்தேன். இதே ஊரில் எத்தனையோ நீதிமன்றங்களில் எத்தனையோ பேர் வக்கீலின் முகக்குறியைப் பார்த்தே ஜெயித்தோமா தோற்றோமா என்று ஊகித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். 2023 செப்டம்பரில்தான் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் காணொளி வழியாக ஆஜரானார். நாடே அதைச் செய்தியாகப் படித்தது.

ஆணையர் அவளையே கேட்டார்: எழுத்து தப்பாக வருகிறது என்று சொல்கிறாய், பாடநூல் உன்னிடம் இருக்கிறது, தப்பு வருகிற இடத்தில் பாடநூலைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாதா?

நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்விதான். அவள் கைகள் வேகமாக அசைந்தன. மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “காது கேட்கிறவங்களுக்கு எழுத்து தப்பா வந்தா உடனே தெரியும். எனக்கு எழுத்து மட்டுந்தான் வருது. அது தப்புன்னு எனக்கு யார் சொல்லுவாங்க?”

முதல் நாள் என் மேசையில் நோட்டில் எழுதிய நாலாவது வாக்கியம் அதுதான். தப்பு எதுன்னு தெரியல. தானியங்கி சப்டைட்டிலைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு அது கூடுதல் வசதி. பிழை இருந்தால் காது திருத்திக்கொள்ளும். கேட்காதவர்களுக்கு அதுவே ஆசிரியரின் குரல். அந்தக் குரல் ஐம்பது என்றால் ஐம்பதுதான். இயந்திரம் எழுதித் தருவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வரைவை இயந்திரம் எழுதட்டும், பாடம் தெரிந்த ஒரு மனிதர் அதைத் திருத்தாமல் மாணவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் மனுவில் கேட்டிருந்தோம்.

உத்தரவு அடுத்த ஆண்டு வந்தது. மனுதாரர் படிக்கும் தாள்களின் காணொளிகள் அனைத்துக்கும் ஆள் சரிபார்த்த தமிழ் சப்டைட்டில், இனி ஏற்றும் எந்தக் காணொளியும் அது இல்லாமல் ஏற்றக் கூடாது, பழையவற்றை வரிசைப்படுத்திக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும், பாதிக்கப்பட்ட தாள்களில் கட்டணமின்றி மறுதேர்வு, அகமதிப்பீடு மறுபரிசீலனை. நாங்கள் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. சைகை மொழிக் காணொளியும் வேண்டும் என்று கேட்டிருந்தோம். அதற்கு, முயற்சி செய்யலாம் என்பதோடு நின்றது.

பல்கலைக்கழகம் உடனே அசையவில்லை. மூன்று மாதம் ஓடியது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட ஆவணங்களைத் தயார் செய்து, அறிவிப்பு அனுப்பிய பிறகுதான் வேலை தொடங்கியது. தொடங்கியபின் ஒழுங்காகவே செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஆசிரியரிடமிருந்து கலைச்சொல் பட்டியல் வாங்கி மென்பொருளுக்கு முன்கூட்டியே கொடுத்ததில் பாதிப் பிழை குறைந்ததாக அங்குள்ள ஓர் அலுவலர் சொன்னார். தூக்க முடியாத சுமை என்று பதிலுரையில் எழுதிய வேலை அது.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு செமஸ்டர் போயிருந்தது. கூடப் படித்தவள் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டாள். இவள் பழைய தாள்களை மறுபடி எழுதினாள். வென்ற வழக்கு என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். எனக்கு இன்றும் முழு வெற்றியாகத் தோன்றவில்லை. கடன் வழக்கில் தாமதமானால் வட்டி போட்டு வாங்கித் தரலாம். பத்தொன்பது வயதில் போன இரண்டு செமஸ்டருக்கு எந்த நீதிமன்றமும் வட்டி போட முடியாது. கேட்டால் போட்டுத் தருகிறோம் என்ற ஏற்பாடு ஆகவே போதாது. கேட்பதற்கே ஒரு பாடம் ஓடிவிடுகிறது, கிடைப்பதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. பாடம் வெளியாகும் அன்றே எழுத்தும் கூட வர வேண்டும்.

எங்கள் உத்தரவுக்குப் பிறகு சட்டம் இன்னும் உறுதியாகியிருக்கிறது. 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த 15(1)-ஆவது விதி தாய்ச்சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதக் கெடு விதித்தது. 2025 ஏப்ரல் 30-ல் பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மின்னணு வழி அணுகல் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று சொன்னது. இன்று அதே மனுவைப் போட்டால் சுமை என்ற வாதத்துக்கு முன்பிருந்த இடம் இருக்காது.

தேய்மானம் வரும் அந்தத் தாளில் அவள் மறுதேர்வில் தேறிவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் இருப்பார்கள். பாடம் பதிவு செய்யும்போது உங்கள் முகத்தைப் பெரிதாகக் காட்டுங்கள், கேமராவைப் பார்த்துப் பேசுங்கள், எண்களைத் திரையிலும் எழுதுங்கள். பதிவு முடிந்ததும் சப்டைட்டிலை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். கேட்கும் திறன் குறைந்த பிள்ளை உங்கள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தால், நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் கேளுங்கள். அனுப்பியதற்கும் வந்த பதிலுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக வந்த எழுத்தைத் திரையோடு படமெடுத்து வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டையின் நகலோடு ஒரு வெள்ளைத் தாளில் எழுதி மாநில ஆணையருக்கு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.